மகப்பேறு விடுப்பும் வேலையும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் டீமில் குழந்தை பெற்றுக்கொண்டு திரும்பி வந்த முதல் ஆள் நான்தான். அந்த ஒரே தகுதியினால், அதற்குப் பிறகு கர்ப்பமான ஒவ்வொருவரும் என் மேஜைப் பக்கம் வந்து மெதுவான குரலில் ஏதாவது கேட்டுவிட்டுப் போனார்கள். ஆட்கள் மாறினார்களே தவிர கேள்விகள் மாறவில்லை. அதனால் எழுதியே வைத்துவிட்டேன். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. உங்களுக்கு எந்த விதி பொருந்தும் என்பதை மட்டும் நீங்கள் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லீவ் போயிட்டு வந்தா கரியர் அவ்வளவுதான்னு சொல்றாங்களே, உண்மையா?

பாதி உண்மை. ஹென்ரிக் கிளெவன் என்ற பொருளியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் டென்மார்க்கின் பல ஆண்டு வருமானக் கணக்குகளை அலசி 2019இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். முதல் குழந்தை பிறக்கும்வரை ஆண், பெண் இருவரின் வருமானமும் ஏறக்குறைய ஒரே போக்கில் போகிறது. குழந்தை பிறந்ததும் பெண்ணின் கோடு சட்டென்று விழுகிறது, ஆணின் கோட்டில் ஒரு நெளிவுகூட இல்லை. வருடங்கள் போன பிறகும் சுமார் 20 சதவீத இடைவெளி அப்படியே நிற்கிறது. இத்தனைக்கும் விடுப்பும் குழந்தைக் காப்பகமும் தாராளமாகக் கிடைக்கும் நாடு அது.

ஆனால் அதே ஆய்வாளர்கள் தத்தெடுத்தவர்களின் கணக்கையும் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பெற்ற தாய்க்கும் தத்தெடுத்த தாய்க்கும் நீண்ட காலத்தில் கிட்டத்தட்ட ஒரே அளவு சரிவு. அப்படியென்றால் பிரசவத்தின் மேலும் உடம்பின் மேலும் மட்டும் பழியைப் போட முடியாது. லீவில் இருக்கும் மாதங்களில் நாம் இழப்பது கொஞ்சம்தான், பெரும்பகுதி திரும்பி வந்த பிறகு சத்தமில்லாமல் ஒவ்வொன்றாகப் போகிறது என்பதுதான் நான் பார்த்த வரையில் எனக்குப் புரிந்தது.

அப்போ எத்தனை மாசம் எடுத்தா சேஃப்?

எல்லோருக்கும் பொதுவான எண் எதுவும் இல்லை. 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 12 வாரம் என்று ஆரம்பித்தது, 2000இல் வந்த உடன்படிக்கை குறைந்தபட்சம் 14 வாரம் என்கிறது. நடைமுறையில் எங்கெங்கோ நிற்கிறது: அமெரிக்காவின் 1993ஆம் ஆண்டுச் சட்டம் தருவது சம்பளமில்லாத 12 வாரம், இந்தியாவில் 2017இலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், பிரிட்டனில் 52 வாரம் வரை போகலாம், ஜெர்மனியில் பெற்றோர் விடுப்பாக மூன்று வருடம் வரை வேலையைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு முனையிலும் சிக்கல் உண்டு. ரொம்பக் குறைவாகவோ சம்பளமில்லாமலோ இருந்தால் பலர் வேலையையே விட்டுவிடுகிறார்கள், அப்புறம் வேறு இடத்தில் முதல் படியிலிருந்து ஏற வேண்டும். ரொம்ப நீண்டால் நீங்கள் இல்லாமலே வேலை ஓடும் என்பது எல்லோருக்கும் பழகிவிடுகிறது. கனடாவில் 2018இல் வந்த ஒரு ஆய்வில், ஒரே தகுதியுள்ள பெண் ஒரு மாதம் லீவ் எடுத்தாள் என்றதைவிட ஒரு வருடம் எடுத்தாள் என்றபோது, வேலையில் முனைப்பு குறைந்தவள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். உடம்புக்கும் குழந்தைக்கும் எவ்வளவு தேவையோ அவ்வளவு எடுங்கள் என்பதே என் பதில். மூன்றா ஆறா என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, போகும் முன்பும் வந்த பின்பும் என்ன செய்கிறோம் என்பதில்தான் அதிகம் இருக்கிறது.

நான் ஆறே வாரத்துல திரும்பிடறேன், அப்போ நல்ல பேர் கிடைக்கும்ல?

கிடைக்காது. 2017இல் வந்த ஒரு ஆய்வில் லீவ் எடுத்த பெண்ணை வேலையில் சுமார் என்றும், எடுக்காத பெண்ணை நல்ல அம்மா இல்லை என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். எப்படியும் ஒரு பேச்சு கேட்கத்தான் போகிறோம், உடம்பையாவது தேற்றிக்கொள்ளலாம். அந்த 2000ஆம் ஆண்டு உடன்படிக்கையில் பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் கட்டாய விடுப்பு, அதை நாமே வேண்டாம் என்றாலும் விட முடியாது. காரணமில்லாமல் அப்படி எழுதவில்லை.

ஆபீஸ்ல எப்போ சொல்லணும்?

மூன்று மாதம் முடியட்டும் என்று பலர் காத்திருப்பார்கள், தப்பில்லை. ஆனால் உங்கள் வேலை எக்ஸ்ரே, ரசாயனம், பாரம் தூக்குவது, இரவு ஷிப்ட் என்று இருந்தால் காத்திருக்காதீர்கள், உடனே சொல்லுங்கள்.

மேனேஜரிடம் நேரில் சொல்லிவிட்டு, அன்றைக்கே ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள். இது முக்கியம். பின்னால் வேலையை விட்டு எடுத்தார்கள் என்றால் முதல் கேள்வியே 'நிறுவனத்துக்கு எப்போது தெரியும்' என்பதுதான். வாய்ப்பேச்சுக்குத் தேதி கிடையாது, மெயிலுக்கு உண்டு. இன்னொன்று, அந்த மெயிலில் 'யாருக்கும் எந்தச் சிரமமும் வராமல் பார்த்துக்கொள்கிறேன்' என்று எழுதாதீர்கள். நான் எழுதினேன். அப்புறம் எட்டாவது மாதத்தில் ராத்திரி பத்து மணிக்கு ரிப்போர்ட் கேட்டபோது அந்த வரியைத்தான் எனக்குத் திருப்பிக் காட்டினார்கள்.

நான் இல்லாதப்போ என் வேலையை வேற ஒருத்தர் எடுத்துட்டா?

எடுத்துக்கொள்ளத்தான் செய்வார்கள், வேலை நடந்தாக வேண்டுமே. அது தற்காலிகமா நிரந்தரமா என்று எழுத்தில் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஹேண்டோவர் என்றால் பெரும்பாலும் பாஸ்வேர்டும் பைல்களும் கொடுத்துவிட்டுப் போகிறோம். ஒரு பக்கக் குறிப்பு போதும்: எந்தெந்தப் பொறுப்பு என்னுடையது, நான் வரும்வரை யார் பார்க்கிறார், எந்தத் தேதியில் என்னிடம் திரும்ப வரும். அதை மேனேஜருக்கு அனுப்பி 'சரி' என்று ஒரு பதில் வாங்கிவிடுங்கள்.

நான் இதைச் செய்யவில்லை. மூன்று வருடம் உட்கார்ந்து நான் உருவாக்கிய ஒரு கணக்குத் தாள் இருந்தது, மாத முடிவில் எல்லா டீமும் அதைத்தான் பார்க்கும். திரும்பி வந்த அன்று திறந்தால் மேல் வரிசையில் 'பொறுப்பாளர்' என்ற கட்டத்தில் வேறு ஒருவர் பெயர். அவர் நல்ல பையன்தான், எதையும் பிடுங்கவில்லை, யாரோ மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். திரும்ப மாற்றுங்கள் என்று சொல்லத்தான் யாருக்கும் தோன்றவில்லை, வெட்கத்தை விட்டுச் சொன்னால் எனக்கே வாய் வரவில்லை. விற்பனையில் இருப்பவர்களுக்கு இது இன்னும் மோசம். கிளையன்ட் கைமாறிவிட்டால் கமிஷனும் கூடவே போய்விடும்.

லீவ்ல இருக்கும்போது ஆபீஸ்ல இருந்து போன் வந்தா எடுக்கலாமா?

'அந்த பைல் எங்கே இருக்கிறது' என்று கேட்கும் போனை எடுக்காதீர்கள், ஒருமுறை எடுத்தால் தினமும் வரும். டீம் மாற்றியமைக்கப்படுகிறது, புதுப் பதவிக்கு விண்ணப்பம் கேட்கிறார்கள், உங்கள் மேனேஜர் மாறுகிறார் போன்றவை மட்டும் உங்கள் காதுக்கு வந்தாக வேண்டும். போகும் முன்பே நம்பிக்கையான ஒரு ஆளிடம் 'இந்த மூன்றும் நடந்தால் மட்டும் சொல்' என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

பிரிட்டனில் இதற்கு ஒரு ஏற்பாடே இருக்கிறது. லீவ் முறியாமல் பத்து நாள் வரை வேலைக்குப் போய்வரலாம், இரண்டு தரப்பும் சம்மதித்தால் மட்டும். மேலே சொன்ன கனடா ஆய்விலும், லீவில் தொடர்பில் இருக்கும் திட்டத்தில் சேர்ந்தவள் என்று சொன்னபோது அந்தத் தப்பெண்ணம் குறைந்தது. ஆனால் சில இடங்களில் லீவின்போது வேலை பார்த்தால் விடுப்புத் தொகையிலேயே கை வைத்துவிடுவார்கள், முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாதி வருஷம் நான் இல்லைன்னு சொல்லி அப்ரைசல்ல ரேட்டிங்கைக் குறைச்சிட்டாங்க, ஒரு தடவைதானே, விட்டுடலாமா?

விடாதீர்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இரண்டு பேருக்கு இன்று சம்பளம் 100. இருவருக்கும் வருடம் 8 சதவீத உயர்வு, ஒருத்திக்கு மட்டும் ஒரே ஒரு வருடம் உயர்வு இல்லை. பத்து வருடம் கழித்து ஒருவர் வாங்குவது ஏறக்குறைய 216, இவள் வாங்குவது 200. அந்த ஒரு வருடம் திரும்பி வரவே வராது, அடுத்தடுத்த உயர்வெல்லாம் குறைந்த அடியின் மேலேதான் உட்காரும். ஓய்வூதியச் சேமிப்பு சம்பளத்தின் சதவீதமாக இருந்தால் அங்கேயும் இதே கதை.

கேட்கும்போது 'எனக்கு அநியாயம் நடந்துவிட்டது' என்று ஆரம்பிக்காதீர்கள், 'இல்லாத மாதங்களை எந்த விதிப்படி மதிப்பிட்டீர்கள்' என்று கேளுங்கள். வேலை செய்த மாதங்களை மட்டும் எடுத்து மதிப்பிடலாம், இல்லை முந்தைய வருட ரேட்டிங்கையே வைத்துக்கொள்ளலாம், இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஆறு மாத வேலையைப் பன்னிரண்டு மாத இலக்கோடு வைத்துப் பார்ப்பதற்கு மட்டும் நியாயமே கிடையாது, பெரும்பாலும் நடப்பதும் அதுதான். பல நேரம் கெட்ட எண்ணம்கூட இருக்காது. மென்பொருளில் இலக்கைக் குறைத்துப் போட யாரும் மெனக்கெட்டிருக்க மாட்டார்கள்.

மேனேஜர் ரொம்ப நல்லவர், கஷ்டமான வேலையே தர்றதில்லை. இது நல்லதுதானே?

எனக்கு இதுதான் இருப்பதிலேயே ஆபத்தானதாகத் தோன்றுகிறது. கத்துகிற மேனேஜரை எதிர்த்து நிற்கலாம். 'பாவம், கைக்குழந்தை வைத்திருக்கிறாள், அவளை எதற்கு அலைய விடணும்' என்று சொல்பவரிடம் எப்படிச் சண்டை போடுவது? பயணம் இல்லை, புது கிளையன்ட் இல்லை, நெருக்கடியான வேலை இல்லை. இரண்டு வருடம் கழித்து புரொமோஷன் பேச்சு வரும்போது அதே நல்லவர், 'பெரிதாக எதுவும் செய்யவில்லையே' என்பார். அவர் சொல்வதில் பொய்யும் இருக்காது.

ஷெல்லி கோரெல் என்ற சமூகவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒரே தரத்தில் இருந்த விண்ணப்பங்களில் ஒன்றில் மட்டும் அவள் ஒரு அம்மா என்று தெரியும்படி ஒரு வரி. குழந்தை இல்லாத பெண்ணுக்கு நிறுவனங்களிடமிருந்து வந்த அழைப்பு அம்மாவுக்கு வந்ததைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்பாக்களுக்கு அப்படி எந்தக் குறைவும் இல்லை. ஆகவே அவர் ஊகிப்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்: 'மாதம் ஒரு பயணம் என்னால் முடியும், ஆறு மணிக்கு மேல் மீட்டிங் முடியாது, மற்றதெல்லாம் என்னிடம் கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள்.' இந்தப் பேச்சைத் திரும்பி வந்த முதல் வாரமே பேசினால் நல்லது. நான் ஆறாவது மாதம்தான் பேசினேன்.

கொஞ்ச நாளைக்குப் பார்ட் டைம், இல்லைன்னா வீட்ல இருந்தே வேலைன்னு கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் விலை தெரிந்து கேளுங்கள். 2023இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் சொல்வது இதுதான்: சில வேலைகளில் இரண்டு மடங்கு நேரம் உழைத்தால் இரண்டு மடங்குக்கும் மேல் சம்பளம் வரும், எந்த நேரம் கூப்பிட்டாலும் வருகிற ஆளுக்குத்தான் அங்கே மதிப்பு. பாதி நேரம் என்றால் பாதிக்கும் கீழே போய்விடும். ஒரு மருந்தாளர் இடத்தில் இன்னொருவர் நின்று அதே வேலையைச் செய்ய முடிகிற துறையில் இந்த அபராதம் குறைவு என்றும் காட்டியிருக்கிறார்.

அதனால் முடிவுத் தேதி போட்டுக் கேளுங்கள், நான்கு மாதமோ ஆறு மாதமோ. சம்பளத்தைக் குறைத்துவிட்டு வேலையைக் குறைக்காமல் விட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள், இது நடக்கிற கூத்துதான்.

என் வீட்டுக்காரரும் லீவ் எடுத்தா ஏதாவது மாறுமா?

மாறும். ஸ்வீடன் 1974லேயே பெற்றோர் இருவருக்கும் பொதுவான விடுப்பைக் கொண்டுவந்தது, ஆனால் ஆண்கள் தங்கள் பங்கை மனைவி பெயருக்கே எழுதிக்கொடுத்துவிட்டார்கள். நார்வே 1993இல் நான்கு வாரத்தை அப்பாவுக்கு மட்டும் என்று ஒதுக்கியது, எடுக்காவிட்டால் போய்விடும். அதற்குப் பிறகுதான் அங்கே ஆண்கள் பெருவாரியாக எடுக்கத் தொடங்கினார்கள். கனடாவின் கியூபெக் மாகாணம் 2006இல் ஐந்து வாரம் ஒதுக்கியது. அந்த அப்பாக்கள் லீவ் முடிந்து வெகுநாள் ஆன பின்னும் வீட்டு வேலையில் அதிகம் கைகொடுத்தார்கள், அம்மாக்கள் சம்பள வேலையில் அதிக நேரம் இருந்தார்கள் என்று ஆய்வு சொல்கிறது.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் வேலைக்குத் திரும்பிய பிறகு அவர் தனியாகப் பார்த்துக்கொள்ளும் லீவாக இருக்கட்டும். இரண்டு பேரும் ஒன்றாக வீட்டில் இருந்தால் அவர் உதவியாளர், நீங்கள் மேலாளர் என்றே பழகிவிடும். ஆணுக்கும் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்களின் பொருளியல் துறைகளில், குழந்தை பிறந்தால் ஆண், பெண் இருவருக்குமே பணி நிரந்தரத்துக்குக் கூடுதல் அவகாசம் கொடுத்தார்கள். 2018இல் வெளியான ஆய்வின்படி நிரந்தரமான ஆண்கள் கூடினார்கள், பெண்கள் குறைந்தார்கள். எல்லோருக்கும் கொடுத்த அந்த அவகாசத்தில் ஆண்களால் கூடுதலாக ஆய்வுக் கட்டுரை எழுத முடிந்திருக்கிறது.

நான் கான்ட்ராக்ட்ல இருக்கேன், எனக்கு இதெல்லாம் உண்டா?

பல நாடுகளில் சட்டப்படி உண்டு, குறிப்பிட்ட காலம் வேலை பார்த்திருந்தால். ஆனால் ஒப்பந்தம் லீவின் நடுவே முடிந்தால் புதுப்பிக்காமல் விட்டுவிடுவார்கள், அதைப் பணிநீக்கம் என்று நிரூபிப்பது கஷ்டம். முடியும் தேதியைப் பார்த்து, கர்ப்பத்தைச் சொல்வதற்கு முன்பே புதுப்பிக்க முடியுமா என்று பாருங்கள். இதைத் தந்திரம் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

இன்டர்வியூல அந்த இடைவெளி பத்திக் கேட்டா என்ன சொல்றது? அடுத்த குழந்தை எப்போன்னுகூட கேட்கறாங்க.

இடைவெளிக்கு ஒரே வாக்கியம்: 'குழந்தை பிறந்தது, இத்தனை மாதம் விடுப்பில் இருந்தேன்.' அதற்கு மேல் விளக்கினால் மன்னிப்புக் கேட்பது போல ஆகிவிடும். அதே வேலைக்குத் திரும்பியவர்கள் ரெஸ்யூமேயில் லீவைக் காட்டவே வேண்டாம், வேலை தொடர்ந்து உங்கள் பெயரில்தானே இருந்தது.

அடுத்த குழந்தை பற்றிய கேள்வி பல நாடுகளில் கேட்கவே கூடாதது. அதற்காக நேர்காணலில் சட்டம் பேசினால் வேலை கிடைக்காது, தெரியும். 'இந்த வேலைக்கு எவ்வளவு பயணம், எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள், முடியுமா முடியாதா என்று சொல்கிறேன்' என்று திருப்பிவிடுங்கள்.

லீவை நீட்டிக்கிட்டே போனா கம்பெனிக்காரன் பொண்ணுங்களை எடுக்கவே மாட்டான்னு எங்க பாஸ் சொல்றார்...

உங்கள் பாஸ் முழுக்கத் தப்பில்லை. யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். முழுச் சம்பளத்தையும் அந்த ஒரு முதலாளியே கொடுக்க வேண்டும் என்றால், பத்துப் பேர் உள்ள சிறு நிறுவனம் கணக்குப் போடத்தான் செய்யும். அதனால்தான் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கை, செலவை முதலாளி ஒருவர் தலையில் கட்டாமல் சமூகக் காப்பீடு அல்லது அரசு நிதியிலிருந்து கொடுங்கள் என்கிறது. லீவைக் குறைக்கச் சொல்வதற்குப் பதில் உங்கள் பாஸ் இதைக் கேட்கலாம். அப்பாக்களும் லீவ் எடுக்கும் இடத்தில் 'பெண்ணை எடுத்தால்தான் ஆபத்து' என்ற கணக்கும் பலிக்காது.

எனக்குக் குழந்தை இல்லை. அவங்க லீவ் போனா அவங்க வேலையையும் நான்தான் பார்க்கறேன், இது நியாயமா?

நியாயமில்லை. இந்தக் கேள்வியைக் கேட்கவே பலருக்குக் கூச்சம், கேட்டால் கெட்டவள் ஆகிவிடுவோமே என்று. ஆனால் ஆள் போடாமல் மிச்சம் பிடிப்பது நிறுவனம், உங்கள் கோபம் மட்டும் லீவில் இருப்பவள் மேல். மாற்று ஆள் கேளுங்கள், இல்லையென்றால் கூடுதல் பொறுப்புக்குப் பணமோ பதவிப் பெயரோ கேளுங்கள். குழந்தை பிறக்கப் போகிறது என்று ஆறு மாதம் முன்பே தெரிந்த நிறுவனம் ஆள் கிடைக்கவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

என் சம்பளம் முழுக்க குழந்தையைப் பார்க்கறவங்களுக்கே போகுது, விட்டுடலாம்னு தோணுது.

முதலில் அந்தக் கணக்கைச் சரியாகப் போடுங்கள். காப்பகச் செலவை ஏன் உங்கள் சம்பளத்தில் மட்டும் கழிக்கிறீர்கள்? குழந்தை இரண்டு பேருக்கும்தான். இருவர் சம்பளத்திலும் பாதிப் பாதியாகக் கழித்தால் எண்ணே வேறு மாதிரி தெரியும். அப்புறம், அந்தச் செலவு சில வருடங்களில் குறைந்துவிடும். ரேட்டிங் கேள்வியில் பார்த்தோமே அந்த 100, 200 கணக்கு, வேலையை விட்டால் அது ஒரு வருடத்தோடு நிற்காது.

அதற்கும் மேல் விடத்தான் வேண்டும் என்றால் விடுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது. தூக்கமில்லாத முதல் மூன்று மாதத்தில் மட்டும் முடிவு எடுக்காதீர்கள். நானும் ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதி டிராஃப்டில் வைத்திருந்தேன், குழந்தை இரவு முழுக்கத் தூங்க ஆரம்பித்த வாரம் அதைத் திறந்து பார்த்தால் முதல் வாக்கியத்திலேயே தேதி தப்பு.